வந்த பணமும் வராத கணக்கும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். வீணாகப் போகிற பொருளுக்கே அளவு வேண்டும் என்றால், வியர்வை சிந்திச் சேர்த்த பொருளுக்கு அளவு வேண்டாமா? கடல் கடந்து உழைப்பவர் அனுப்பும் பணத்துக்கு இன்று அளவு இல்லாமல் இல்லை. அனுப்பியவர் கையில் ஓர் அளவு. கொண்டு வரும் நிறுவனத்திடம் ஓர் அளவு. இங்கே வங்கியில் ஓர் அளவு. இம்மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வழி தெரியாமல் வீட்டில் இருப்பவர்கள்தாம் திகைத்து நிற்கிறார்கள். பணம் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது; அதன் கணக்கும் வீடு வந்து சேர வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் ஒரே கருத்து.

கரிசலும் கடலும்

கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்றால் தமிழ் படித்தவர்கள் உடனே அறிந்துகொள்வார்கள். மற்றபடி வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் பருத்தியும் உண்டு. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ் உண்டு. இரண்டும் கைகொடுக்காத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வெளியூர் போகிறார்கள். வெளியூரும் போதாதபோது வெளிநாடு போகிறார்கள்.

இது இன்று தொடங்கிய வழக்கம் அன்று. அழகிரிசாமியே 1950களில் கோலாலம்பூர் சென்று ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றியவர்தாம். அவர் எழுதுகோலோடு போனார். எங்கள் தெருப் பிள்ளைகள் வெல்டிங் சான்றிதழோடும் ஓட்டுநர் உரிமத்தோடும் போகிறார்கள். நோக்கம் என்னவோ ஒன்றுதான்: குடும்பம் பிழைக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2025 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, 2023-24ஆம் ஆண்டில் வெளிநாடுகளிலிருந்து இந்தியக் குடும்பங்களுக்கு வந்த பணம் ஏறத்தாழ 11,870 கோடி டாலர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு, மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம் நமக்குத்தான். அனுப்பும் நாடுகளில் அமெரிக்கா முதலிடமும் ஐக்கிய அரபு அமீரகம் இரண்டாமிடமும் பெறுகின்றன. இத்தனை கோடிகளை நான் கண்டதில்லை. மாதம் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று எங்கள் தெருவில் வந்து விழும் துளிகளைத்தான் கண்டிருக்கிறேன். அந்தத் துளிகளின் கணக்கைப் பற்றியே இங்குப் பேசுகிறேன்.

கைநாட்டு வைத்த துண்டுச் சீட்டு

மணியார்டர் காலத்தைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். பம்பாய்க்கோ சென்னைக்கோ பிழைக்கப் போனவர் ஒரு படிவம் எழுதுவார். தொகை, பெயர், விலாசம் எல்லாம் அந்த ஒரே தாளில். இரண்டு வரி சேதி எழுத இடம் உண்டு. ஒப்புகைக்கு ஒரு துண்டும் உண்டு. தபால்காரர் பணத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு, அந்தத் துண்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்வார். அது அனுப்பியவருக்கே திரும்பிப் போய்ச் சேரும். எழுத்தறியாத தாயின் பெருவிரல் மை, பம்பாயில் இருக்கும் மகன் கைக்கு வந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று பொருள். அதற்குமேல் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெருவணிகத்திலும் இதே நிலைதான். செட்டிநாட்டார் ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாளில், கடையை நடத்தப் போகும் ஏஜெண்டு பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குப் போவார். பேரேடு எழுதி, ஐந்தொகை போட்டு, ஊரில் இருக்கும் முதலாளிக்குக் கணக்குக் காட்டுவது அவர் கடமை. கப்பல் போய்ச் சேர நாளாகும் காலம் அது. தொலைபேசி இல்லாத காலம். ஆயினும் பணம் போன வழியிலேயே கணக்கும் போயிற்று.

இன்று பணம் போகும் வேகம் பல மடங்கு கூடிவிட்டது. கணக்கு அதே வேகத்தில் கூடவே வருகிறதா என்பதுதான் கேள்வி.

வழி பல, எண்ணும் பல

இன்று வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருவர் வீட்டுக்குப் பணம் அனுப்ப ஒரே வழி இல்லை. முதல் வழி, அங்குள்ள எக்ஸ்சேஞ்சுக் கடை. அது நம் நாட்டு வங்கி ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அவ்வங்கியின் வழியாக நம் கணக்கில் ரூபாயைச் சேர்க்கும். கடைச் சீட்டில் ஓர் எண் இருக்கும். இங்கே நெஃப்ட் வழியாக வந்தால் பாஸ்புக்கில் 16 எழுத்தும் எண்ணும் கலந்த வேறோர் அடையாளம் இருக்கும்.

இரண்டாவது வழி, ரொக்கமாகப் பெறுவது. வெஸ்டர்ன் யூனியன் போன்ற நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் பணமாற்றுச் சேவைத் திட்டத்தின்கீழ் இதை நடத்துகின்றன. ஒரு முறைக்கு 2,500 டாலர், ஆண்டுக்கு 30 முறை, ரொக்கமாக 50,000 ரூபாய் வரை என்பன அத்திட்டத்தில் வகுக்கப்பட்ட வரம்புகள். அங்கே கொடுக்கும் 10 இலக்க எண்ணைக் காட்டினால் இங்கே பணம் கிடைக்கும். வங்கிப் பாஸ்புக்கில் இதற்கு ஒரு வரியும் இராது.

மூன்றாவது வழி, கைப்பேசிச் செயலி. அதற்குத் தனியாக ஓர் எண். அந்தச் செயலி நிறுவனம் இங்குள்ள கூட்டாளி வங்கிக்குக் கொடுக்க, அவ்வங்கி ஐ.எம்.பி.எஸ். வழியாக அனுப்பினால் அதற்கு 12 இலக்கத்தில் மற்றோர் எண். நான்காவது வழி, சிங்கப்பூரின் பேநவ் முறையும் நம் யு.பி.ஐ. முறையும் 2023 பிப்ரவரி 21 அன்று இணைக்கப்பட்ட பிறகு வந்தது. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரம்போடு அது தொடங்கியது.

“ஒரே வழியில் அனுப்பினால் குழப்பம் இல்லையே, ஏன் பல வழிகளை நாட வேண்டும்?” என்று கேட்கலாம். ஏழை விரும்பி இதைச் செய்வதில்லை. இன்று ஒரு கடையில் மாற்று விலை நன்றாக இருக்கிறது. நாளை இன்னொரு கடையில். அவசரத்துக்குச் செயலி, வங்கிக் கணக்கு இல்லாத பெரியவருக்கு ரொக்கம். பத்து ரூபாய் மிச்சமானால் அது ஒரு நாள் பாலுக்கு ஆகும் என்று கணக்குப் பார்ப்பவர் ஓரிடத்தில் நிலையாக நிற்க முடியாது. பல வழிகள் இருப்பது நன்மையே. வழிக்கொரு கணக்காக அவை பிரிந்து கிடப்பதுதான் தீமை.

பதினான்கில் ஒன்று

என் அண்ணன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அவர் விசாவுக்காக அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போயிற்று. ஓராண்டுத் தவணை தை மாதத்தோடு முடிகிறது. மீட்பதற்கென்று அவர் செயலி வழியாக 40,000 ரூபாய் அனுப்பினார். அதே மாதம் வீட்டுச் செலவுக்கு எக்ஸ்சேஞ்சுக் கடை வழியாகவும் அனுப்பியிருந்தார். ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் மூலமும் கொஞ்சம் வந்தது.

அண்ணனுடைய கைப்பேசியில் ‘முடிந்தது’ என்று பச்சை நிறத்தில் காட்டியது. வங்கியில் கேட்டால் வரவில்லை என்றார்கள். நிறுவனத்துக்குப் பேசினால், கூட்டாளி வங்கியிடம் கொடுத்தாயிற்று என்றார்கள். அதையும் தமிழில் சொல்ல அங்கு ஆள் இல்லை. மூவரும் மூன்று எண்களைச் சொன்னார்கள். ஒருவர் சொன்ன எண்ணை மற்றவரிடம் கொடுத்தால், “இது எங்கள் எண் இல்லை” என்றே பதில் வந்தது.

அம்மா என்னைக் கேட்டார்: “ஏ தாயி, அண்ணன் அனுப்பிட்டேன்னு சொல்லுதான். பேங்குல வரலைன்னு சொல்லுதாக. இதுல யாரு தாயி பொய் சொல்லுதா?”

“ஒருத்தரும் பொய் சொல்லலம்மா. ஆளுக்கொரு நோட்டுல எழுதி வச்சிருக்காக” என்றேன்.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் நூலில் ‘வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்’ என்றொரு பாடம் உண்டு. வணிகவியல் படிக்கும் தோழியிடம் அந்த நூலை வாங்கிப் படித்தேன். ‘சரிக்கட்டுதல்’ என்றால் எங்கள் ஊரில் ஒருவருக்கு ஏதாவது கொடுத்து வாயை அடைப்பது என்று பொருள்! நூலில் உள்ள பொருளோ வேறு. நம் ஏட்டில் உள்ளதையும் வங்கி ஏட்டில் உள்ளதையும் வரிக்கு வரி வைத்துப் பார்த்து, பொருந்தியவற்றை நீக்கிவிட்டு, பொருந்தாமல் நிற்பதற்குக் காரணம் காண்பது. எவ்வளவு நேர்மையான வேலை!

அண்ணன் அனுப்பிய சீட்டுப் படங்கள், அப்பாவின் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்திகள், பாஸ்புக் வரிகள் ஆகிய மூன்றையும் ஐந்து மாதத்துக்கு எடுத்து ஒரு நோட்டில் எழுதினேன். மொத்தம் பதினான்கு முறை பணம் அனுப்பப்பட்டிருந்தது. பதின்மூன்று பொருந்தின, ஒன்று மட்டும் தனியாக நின்றது. அந்தப் பதின்மூன்றையும் கழித்த பிறகுதான், வராதது இதுதான் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. அதற்குமுன், “உங்களுக்குத்தான் மாதாமாதம் பணம் வந்துகொண்டிருக்கிறதே” என்பதே எங்கும் கிடைத்த பதில்.

காரணம் பின்னர் தெரிந்தது. செயலியில் அப்பாவின் பெயர் முன்னெழுத்தோடு இருந்தது. பாஸ்புக்கில் அந்த முன்னெழுத்து முழுப்பெயராக விரிந்து கடைசியில் இருந்தது. பெயர் பொருந்தவில்லை என்று இடையில் இருந்த வங்கி பணத்தை நிறுத்தி வைத்துவிட்டது. நிறுத்தியதை அனுப்பியவருக்கும் சொல்லவில்லை, பெறுபவருக்கும் சொல்லவில்லை. பதினோராம் நாள் பணம் வந்தது. அதற்குள் ஏல நோட்டீசு வந்து, அதன் செலவும் கூடுதல் வட்டியும் எங்கள் தலையில் ஏறின. சங்கிலி தப்பியது. கணக்கு எழுத ஆள் இல்லாத வீடாக இருந்தால் தப்பியிருக்குமா?

ஏன் பொருந்துவதில்லை?

கணிதம் படிப்பவள் என்ற முறையில் இதன் காரணங்களைப் பிரித்துப் பார்த்தேன். எண், நாள், பெயர், தொகை ஆகிய நான்கிலும் பொருத்தம் கெடுகிறது.

எண்ணைப் பற்றி முன்பே சொன்னேன். கை மாறும்போதெல்லாம் எண்ணும் மாறுகிறது. பெயரைப் பற்றியும் சொல்லிவிட்டேன். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்கள் கேட்கும் படிவம், தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் தமிழனை எங்கே வைப்பது என்று அறியாது.

நாளைப் பார்ப்போம். ஷார்ஜாவில் இரவு 11 மணி என்றால் இங்கே நள்ளிரவு கடந்து 12.30, தேதி மாறிவிட்டது. சவூதியில் வெள்ளியும் சனியும் விடுமுறை. நம் வங்கிகளுக்கு ஞாயிறும், இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் விடுமுறை. வியாழன் மாலை அங்கே கட்டியது திங்கட்கிழமை இங்கே ஏறினால், இரண்டு ஏட்டிலும் நாள் வேறு வேறாகத்தான் இருக்கும்.

தொகைதான் எல்லாவற்றிலும் சிக்கல். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒரு கடையில் திர்ஹத்துக்கு 23 ரூபாய் விலை. கட்டணம் 15 திர்ஹம். ஆயிரம் திர்ஹம் அனுப்ப 1,015 கட்ட வேண்டும். வீட்டுக்கு 23,000 ரூபாய் வரும். இன்னொரு கடையில் ‘கட்டணமே இல்லை’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் விலை 22.50. அங்கே ஆயிரம் கட்டினால் வீட்டுக்கு 22,500 வரும். முதல் கடையில் கையை விட்டுப் போன ஒவ்வொரு திர்ஹத்துக்கும் ஏறத்தாழ 22.66 ரூபாய் கிடைக்கிறது. இரண்டாவது கடையில் 22.50தான். கட்டணம் இல்லாத கடையே செலவு மிகுந்த கடை! ஆனால் பாஸ்புக்கில் 22,500 என்ற எண் மட்டுமே இருக்கிறது. அங்கே எத்தனை திர்ஹம் கட்டினார், என்ன விலை, என்ன கட்டணம் என்பது எதுவும் அந்த வரியில் இல்லை. விலை தெரியாமல் விற்றவரின் நிலைதான் வீட்டில் இருப்பவர் நிலை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நம் ரூபாய்க்கு நூறு பைசா. திர்ஹத்துக்கும் நூறு ஃபில்ஸ். குவைத் தினாருக்கோ ஆயிரம் ஃபில்ஸ். தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இடம் வேண்டும். இரண்டு இடத்துக்குமேல் வைக்காத ஏட்டில் எழுதினால் கடைசி இலக்கம் போய்விடும். ஒருமுறை போவது சிறிது. ஆனால் இரண்டு ஏடுகள் என்றும் ஒத்துப்போகாமல் இருக்க அந்தச் சிறிதே போதும்.

உலகமும் தப்பவில்லை

இது ஏழைகளின் அறியாமையால் வரும் தொல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் சரிந்தது. பணம் செலுத்தும் சேவையில் பெரும் புகழ் பெற்றிருந்த நிறுவனம் அது. பிலிப்பைன்சு நாட்டு வங்கிகளில் இருப்பதாக அதன் ஏட்டில் எழுதப்பட்டிருந்த 190 கோடி யூரோ உண்மையில் அங்கே இல்லை. அப்படி ஒரு கணக்கு எங்களிடம் இல்லை என்று அவ்வங்கிகள் சொன்ன அன்றே மாயம் கலைந்தது. ஓர் ஏட்டில் எழுதியதை எதிர் ஏட்டோடு ஒத்துப் பார்க்கும் எளிய வேலை காலத்தில் நடந்திருந்தால், அந்தப் பொய் அவ்வளவு வளர்ந்திருக்காது.

2024இல் அமெரிக்காவில் சினாப்சு என்ற நிறுவனம் நொடித்தது. மக்களுக்கும் வங்கிகளுக்கும் இடையில் கணக்கு எழுதுவது அதன் வேலை. அதன் ஏட்டுக்கும் வங்கிகளின் கையிருப்புக்கும் இடையில் 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை பொருந்தவில்லை. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பணத்தையே எடுக்க முடியாமல் தவித்தனர். படித்தவர் மிகுந்த நாட்டிலேயே இந்தக் கதி.

நமக்கு இன்னும் அருகில் வருவோம். வளைகுடாவில் நம்மவர் மிகுதியாக நாடிய யு.ஏ.இ. எக்ஸ்சேஞ்சு நிறுவனம் 2020 மார்ச்சில் புதிய பரிமாற்றங்களை நிறுத்தியது. அமீரக மத்திய வங்கி அதன் மேற்பார்வையை ஏற்றது. இப்படி ஒரு கடை கதவைச் சாத்தும் நாளில், கட்டிய பணத்துக்குச் சான்றாகத் தொழிலாளியின் கையில் நிற்பது ஒரு சீட்டு மட்டுமே. அந்தச் சீட்டைக் கொண்டு எது வந்தது, எது வரவில்லை என்று காட்ட முடிகிறவரே தம் பணத்தைக் கேட்க முடியும்.

உண்டியல் மேலானதா?

“இத்தனை தொல்லைக்கு உண்டியல்காரரே மேல். சாயங்காலம் சொன்னால் காலையில் வீட்டு வாசலில் ரொக்கம்” என்று எங்கள் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அவர்கள் வேகமாக வருகிறார்கள்; தமிழில் பேசுகிறார்கள்; எண்ணிக் கையில் கொடுக்கிறார்கள். வங்கி கற்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது.

ஆயினும் உண்டியல் முறை அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999இன்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அதன் பெருங்குறை கணக்கின்மைதான். பணம் வராவிட்டால் கேட்க ஏடு இல்லை. வந்தாலும் அது வந்ததற்குச் சான்று இல்லை. தங்கையின் படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், குடும்ப வருமானத்தைக் காட்டச் சொல்வார்கள். பத்தாண்டு உழைப்பு உண்டியலில் வந்திருந்தால், ஏட்டின்படி அந்தக் குடும்பத்துக்கு வருமானமே இல்லை! கணக்கில்லாத பணம் செலவுக்கு உதவும், உயர்வுக்கு உதவாது.

கேட்க வேண்டியவை மூன்று

குறை சொல்வது எளிது. வழி சொல்ல வேண்டாமா? எனக்குத் தோன்றுவன மூன்று.

முதலாவது, ஒரே எண். இது முடியாத காரியம் அன்று. வங்கிகளுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் ஸ்விஃப்ட் அமைப்பு 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்டது. அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு பணத்துக்கும் தொடக்கம் முதல் முடிவு வரை மாறாத 36 எழுத்து அடையாளம் ஒன்றை 2018 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த எந்தப் பாஸ்புக்கிலும் அந்த எண் இல்லை. பெரிய வங்கிகளுக்குள் ஒரே எண் ஓட முடியும் என்றால், எக்ஸ்சேஞ்சுக் கடையிலிருந்து இடைசெவல் வீடு வரைக்கும் அது ஓடி வரக் கூடாதா?

இரண்டாவது, முழு வரி. அனுப்பிய நாள், அனுப்பிய நாணயத்தில் தொகை, மாற்று விலை, கட்டணம், வந்த தொகை ஆகிய ஐந்தும் பெறுபவருக்கு அவர் படிக்கும் மொழியில் வர வேண்டும். எங்கள் அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆங்கிலச் சுருக்கெழுத்தில் வரும் குறுஞ்செய்தி அவருக்குக் கோடுகள்தாம்.

மூன்றாவது, காலக்கெடுவும் இழப்பீடும். உள்நாட்டில் ஐ.எம்.பி.எஸ். பரிமாற்றம் தவறினால் மறுநாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் அனுப்புபவரும் பெறுபவரும் இந்தியாவுக்குள் இருந்தால்தான் அது செல்லும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகனின் பணத்துக்கு உள்ள காப்பு, ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகனின் பணத்துக்கு இல்லை. கடலைத் தாண்டினால் காப்பும் நின்றுவிட வேண்டுமா?

நம்பிக்கைக்கு இடம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் பற்றி 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஒரு வரைவுச் சுற்றறிக்கை வெளியிட்டது. செய்தி வந்தவுடன் பெறுபவருக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டு வங்கியில் உள்ள தங்கள் கணக்கை, நாள் முடிவு வரை காத்திராமல், அரை மணிக்கு மிகாத இடைவெளியில் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். வங்கி தன் ஏட்டை அரை மணிக்கொரு முறை பொருத்திப் பார்க்கலாம் என்று மேலிடமே எண்ணுகிறது. அப்படிப் பொருத்திப் பார்த்ததன் விடையை வீட்டுக்கும் சொல்லுங்கள் என்பதுதான் நாம் கூடுதலாகக் கேட்பது. நம் மாநிலத்தின் அயலகத் தமிழர் நல வாரியமும் இக்கோரிக்கையை எடுத்துப் பேசலாம்.

நம் பங்கு

மாணவத் தோழர்களே! நம் கல்லூரியில் படிப்பவர்களில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நானும் அப்படித்தான். வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும் நம்மிடம்தான் நீட்டுகிறார்கள். அதைச் சுமை என்று நான் எண்ணவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழிச்சொல்லை மாற்ற இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

இருபது ரூபாய் நோட்டு ஒன்று போதும். ஏழு கட்டம் போடுங்கள்: நாள், வழி, சீட்டு எண், அனுப்பிய தொகை, விலையும் கட்டணமும், வந்த தொகை, பாஸ்புக் எண். ஒவ்வொரு முறையும் ஒரு வரி. மாதம் ஒருமுறை உட்கார்ந்து பொருந்தியவற்றுக்கு அடையாளமிடுங்கள். அடையாளம் இல்லாமல் நிற்கும் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்து, அதன் படியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இப்போது எங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்கு இந்த நோட்டை எழுதுகிறேன். நம் கல்லூரி நாட்டுநலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கினால், ஒரு கிராமத்துக்கே எழுதிக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வீட்டில் ஒரு பிள்ளை கல்லூரியில் படிப்பதால் ஒரு குடும்பத்தின் நகை தப்புகிறது, படிக்காததால் அடுத்த குடும்பத்தின் நகை ஏலம் போகிறது என்றால், அது முறையான ஏற்பாடு ஆகாது. நாம் எழுதும் நோட்டு, நிறுவனங்கள் செய்ய வேண்டிய வேலைக்கு ஈடாகாது. அவர்கள் செய்யும் வரை நாம் வைத்துக்கொள்ளும் தற்காப்பு மட்டுமே. சுமந்து வருவதற்குக் கூலி வாங்குகிறவர், சுமையை இறக்கி வைத்ததற்குச் சான்று தர வேண்டும். மணியார்டர் காலத்துத் தபால்காரர் கைநாட்டு வாங்கி அதைச் செய்தார். வானத்தில் செயற்கைக்கோள் விட்ட காலத்தில் அதைக் கேட்பது பேராசை ஆகாது.

அனுப்பும் ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி, அந்த வரிக்கு மாறாத ஓர் எண், அது தாய் படிக்கும் மொழியில். இவ்வளவுதான் நாம் கேட்பது. இது சலுகை அன்று, உழைத்தவர் உரிமை.